லைன் வீடுகளுக்கெல்லாம் சேர்த்துச் சாப்பிட்டவள்

சாயப்பட்டறையில் ராத்திரி ஷிப்ட் முடிந்து, அன்றைக்கு ஓடிய நீலச் சாயம் நகக்கண்ணில் ஒட்டியிருக்க வீடு வந்து, கை கால் கழுவி, தட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்த சிகாமணி, ஒரு வாய்கூட வைக்காமல் சுவரில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனான். எதிரில் உட்கார்ந்திருந்த அவன் மகள் சஷ்மிதா தன் தட்டிலிருந்த தோசையைத் தின்று முடித்து, அப்பா இப்போது எழுந்திருப்பார், இப்போது எழுந்திருப்பார் என்று பார்த்து, ஆறிப்போகிறதே என்று அவன் தட்டிலிருந்ததையும் எடுத்துத் தின்றாள். அவள் கடைசி வாயை விழுங்கிய நிமிடத்தில் சிகாமணி கண்ணைத் திறந்து, தக்காளிச் சட்னி வாசனையோடு நீளமாக ஓர் ஏப்பம் விட்டு, "வயிறு நெறஞ்சுபோச்சு வனிதா, அடுப்ப அமத்திரு" என்றான். அவன் பொண்டாட்டி வனிதாமணி அடுப்பை அணைத்தாள். பனியன் கம்பெனி வண்டி தெருமுனையில் ஆரன் அடித்துக்கொண்டிருந்தது. புருஷன் சாப்பிடாமலே பசியாறிய அதிசயத்தை நின்று யோசிக்கிற வசதியெல்லாம் அவளுக்கு இல்லை. ஊக்கைப் பல்லில் கடித்தபடி முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓடினாள்.

அந்த வீட்டில் ஒற்றைத் தட்டு வைக்க மாட்டார்கள். அது வனிதாமணியின் அம்மா வீட்டு முறை. தரையில் ஒரே ஒரு தட்டு வைத்துச் சோறு போட்டால் அது செத்துப்போனவர்களுக்குப் படைக்கிற சோறு. உயிரோடு இருக்கிற மனுசன் சாப்பிட வேண்டுமென்றால் பக்கத்தில் இன்னொரு தட்டு வேண்டும், அந்தத் தட்டுக்கும் ஓர் ஆள் வேண்டும். எல்லோரும் ஒன்றாக வேலைக்குப் போய் ஒன்றாகத் திரும்புகிற வீட்டில் இதில் ஒரு சிரமமும் இல்லை. திருப்பூரில், அதுவும் வேலாங்காட்டில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில், ஒரு குடும்பத்தில் யார் யார் எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார்கள் என்பது அந்தக் குடும்பத்துக்கே தெரியாது. சிகாமணி விடிந்து வருவான். வனிதாமணி விடிந்து போவாள், கம்பெனியில் செக்கிங் வேலை, ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இருட்டிய பிறகு வருவாள். அவளுடைய தம்பி ரங்கன் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் துணி மூட்டை ஏற்றி ஓட்டுகிறவன், லோடு இறங்குகிற நேரம்தான் அவனுக்குச் சாப்பாட்டு நேரம், பெரும்பாலும் சாயங்காலம். மூன்று பேருக்கு மூன்று பசி, மூன்றுக்கும் நடுவில் வீட்டோடு இருக்கிற ஒரே ஆள் குழந்தை. ஆகவே இரண்டாவது தட்டு எப்போதும் சஷ்மிதாவுடையது.

காலையில் அப்பாவோடு அவள் உட்கார்ந்தாள். மத்தியானம் பள்ளிக்கூடத்துச் சத்துணவு. சாயங்காலம் மாமன் பரோட்டாவும் சால்னாவும் வாங்கி வந்தால் மாமனோடு உட்கார்ந்தாள். ராத்திரி அம்மாவோடு. யாரும் இல்லாத நேரத்தில், வெளியே போகக் கூடாது என்று பூட்டிவிட்டுப் போகிற வீட்டுக்குள் பயப்படாமல் இருக்கட்டும் என்று ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட்டை டிவி மேல் வைத்துவிட்டுப் போனார்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளர்த்தார்கள் என்று சொல்வார்களே, அது அவர்களுடைய வாயும் வயிறும்தான். அவளுடையதை யாரும் கட்டவில்லை. எட்டு வயதிலேயே மொட்டைமாடிப் படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். தூக்கத்தில் குறட்டை பெரிய ஆம்பிளை மாதிரி வந்தது. தொடை உரசிப் புண்ணாகி, வனிதாமணி தினமும் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் குட்டியானை என்று கூப்பிட்டார்கள். "ஆமா, எங்க மாமா ஓட்டறது என்னையத்தான்" என்று அவளும் சேர்ந்து சிரிப்பாள், சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து போர்வைக்குள் படுத்துக்கொள்வாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இல்லை. குழந்தைகள் டாக்டர் எழிலரசி கறாரான ஆள், ஆனால் நல்லவர். ஒவ்வொரு தடவையும் எடைமெஷினைப் பார்ப்பார், வனிதாமணியைப் பார்ப்பார். "என்னம்மா குடுக்கறீங்க இந்தக் கொழந்தைக்கு? ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. கழுத்து எப்படிக் கறுத்திருக்கு பாருங்க." அந்தக் கறுப்பை அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து மகளை அழவைத்திருந்த வனிதாமணி தலையைக் குனிந்துகொள்வாள். எண்ணெய் கூடாது, இனிப்பு கூடாது, மைதா கூடாது, சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓடியாட விடுங்கள் என்பார் டாக்டர். லாரியும் வேனும் உரசிக்கொண்டு போகிற தெருவில் எங்கே ஓடுவது, ஓடும்போது யார் பார்த்துக்கொள்வது என்று கேட்க வாய் வரும். வெளியே காத்திருக்கிற கூட்டத்தைப் பார்த்து, "சரிங்க டாக்டர்" என்று எழுந்துவிடுவாள்.

சிகாமணியின் ஏப்பத்துக்குப் பிறகு ரங்கனுக்கு அது நடந்தது. பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போதே லோடு வந்துவிட்டது என்று போன் வர, "நீயே தின்னுரு சாமி" என்று தட்டைத் தள்ளிவிட்டு ஓடியவனுக்கு, பெருமாநல்லூர் ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது வயிறு நிறைந்து ஸ்டியரிங்கை இடித்தது. மறுநாள் பக்கத்து வீட்டு ருக்மணி வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், மிச்சம் வீணாகப் போகிறதே என்று ஒரு கிண்ணம் புளிசாதத்தைக் குழந்தை கையில் கொடுத்தாள். மத்தியானம் கம்பெனியில் பவர் டேபிள் தையல் மெஷினில் உட்கார்ந்தபடி புளியேப்பம் விட்டாள். அல்சர்காரி, நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சுருண்டுவிடுகிறவள், அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்திலும் எழுந்திருக்காமல் தைத்தாள். ஒருத்தர் தன் பங்குச் சாப்பாட்டைத் தட்டோடு விட்டாலும் கையால் எடுத்துக் கொடுத்தாலும், சஷ்மிதா அதைத் தின்றுவிட்டால் அவருக்குப் பசி அடங்கிவிடுகிறது என்று ஒரு வாரத்துக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதைக் கேட்டு யாரும் வாயைப் பிளக்கவில்லை. அந்த ஊரில் மனுசனுக்கு இல்லாத ஒரே பொருள் நேரம். அது கிடைக்கிற வழி தெரிந்தபோது எப்படிக் கிடைக்கிறது என்று எவரும் கேட்கவில்லை.

ஏற்றுமதி ஆர்டர் குவிந்திருந்த மாசம் அது. தினமும் காலையில், குழாயடியில் குடம் வைக்கிற மாதிரி, வனிதாமணி வீட்டு வாசலில் டிபன் பாக்ஸ்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. முதலில் ஜெனரல் ஷிப்ட்காரர்கள், பிறகு அயர்ன் மாஸ்டர்கள், அப்புறம் துணி மடித்துக் கொடுக்கிற கைமடிப் பெண்கள் என்று அவர்களே ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். குழந்தை ஆயிற்றே என்று காரத்தைக் குறைத்தார்கள். பாப்பாவுக்குக் கருவாட்டுக் குழம்பு பிடிக்குமா, முருங்கைக்காயை மென்று துப்ப நேரமாகுமே என்று அக்கறையாகப் பேசிக்கொண்டார்கள். கடைசி வீட்டு ஒடிசாக்காரர்கள் ரொட்டியும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து, பாஷை தெரியாததால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, சின்னச் சின்ன வாயாக, ஒருத்தர் சோற்றை இன்னொருத்தர் சோற்றோடு கலக்காமல், ஒவ்வொருத்தர் முகத்தையும் நினைத்துக்கொண்டு சஷ்மிதா தின்றாள். அங்கே கம்பெனிகளில் மெஷின்கள் நிற்காமல் ஓட, இவள் இங்கே தின்னத் தின்ன, ஒவ்வொரு டேபிளிலும் ஒவ்வொரு குழம்பின் ஏப்பம் எழுந்தது.

அவளைக் குட்டியானை என்று கூப்பிட்டவர்கள் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. திருஷ்டி கழித்தார்கள், தலைக்குப் பூ வாங்கிக் கொடுத்தார்கள், பிறந்தநாளுக்கு லைனே சேர்ந்து கவுன் தைத்தது. தைக்கத் தெரியாத கை அங்கே யாருக்கு இருக்கிறது, பத்துப் பேர் துணியைப் பிடிக்கப் பத்துப் பேர் தைத்து, ஒரு பந்தல் அளவுக்கு ஊதா நிறத்தில் ஒரு கவுன் வந்து சேர்ந்தது. குழந்தையின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை வனிதாமணி அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷம்தான் அவளைப் படுத்தி எடுத்தது.

வனிதாமணிக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வெளிச்சப் பலகையில் பனியனை விரித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை அவளுக்கு. கை பாட்டுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும், மனசு பாட்டுக்கு வீட்டுக்கு ஓடும். அவளும் மகள் சாப்பிட்டே பசியாறிக்கொண்டிருந்தவள்தான். கடைசியாக எப்போது மென்று விழுங்கினோம் என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை. கை வளையல் முழங்கைக்கு ஏறியது. ருக்மணிக்குக் கழுத்தெலும்பு தூக்கிக்கொண்டு நின்றது, சிகாமணி பேண்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டினான். எல்லோருக்கும் வயிறு நிறைந்தது, ஒருத்தருக்கும் உடம்பில் ஒட்டவில்லை. ஒட்டியதெல்லாம் ஒரே இடத்தில் ஒட்டியது. கம்பெனியில் சாப்பாட்டு மணி அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். சூப்பர்வைசர் சுந்தரவடிவேல் ஒருநாள் அவள் டேபிளுக்கே வந்து, "ஏம்மா வனிதா, புள்ளைய எதுக்கு அங்க போட்டு வெச்சிருக்க? கேன்டீன் பக்கத்துல ஒரு ரூம் தாரோம், ஃபேன் போட்டுத் தாரோம், இங்கயே கூட்டியாந்துரு" என்று பாசமாகச் சொன்னபோது, அவள் கையிலிருந்த ஸ்டிக்கர் பட்டை கீழே விழுந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டாள். "கண்ணு, நாளைல இருந்து வேண்டாம்னு சொல்லீரலாமா?"

"ஏம்மா?"

"உனக்கு மூச்சு வாங்குதில்ல."

"நான் சாப்பிடலைன்னா அவங்கெல்லாம் பசியோட போவாங்கல்ல. ருக்கு அத்தைக்கு வயித்து வலி வந்துரும். அப்பா பசில தூக்கம் கலஞ்சு எந்திருச்சுக்குவாரு." சஷ்மிதா விரலை மடக்கி ஒவ்வொருத்தராகச் சொல்லிக்கொண்டே போனாள். அவளுக்கு லைனில் எல்லோருடைய வயிறும் தெரிந்திருந்தது.

"உனக்குப் பசிக்குதா சாமி? அதச் சொல்லு."

"எனக்கா?" என்று கேட்டாள் குழந்தை. கேள்வி புரியாதவள் மாதிரி அம்மாவைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து யாராவது ஒருத்தர் பசியோடு வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டே இருந்ததால், தனக்கென்று அப்படி ஒன்று வர அவளுக்கு இடமே கிடைத்திருக்கவில்லை.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது பெஞ்சு கொள்ளாத கூட்டம், காய்ச்சல் சீசன். டாக்டர் எழிலரசி ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "போன தடவை ஓரத்துல நின்னுச்சும்மா. இப்ப உள்ள வந்துருச்சு. சர்க்கரை."

இத்தனை நாள் 'சரிங்க டாக்டர்' என்று எழுந்து போன வனிதாமணி, அன்றைக்கு எழுந்திருக்காமல் எல்லாவற்றையும் கொட்டினாள். "என்ற புள்ள சாப்பிட்டா எங்க லைனுக்கே வயிறு நெறையுதுங்க. எல்லாரும் கொண்டாந்து குடுக்கறாங்க. அவளும் மாட்டேங்காம திங்கறா. நான் எண்ணெய எங்கங்க கொறைக்கறது?"

டாக்டர் சிரிக்கவில்லை. நம்பாத மாதிரியும் தெரியவில்லை. கதவைப் பார்த்தார், கதவுக்கு வெளியே அழுகிற குழந்தைகளின் சத்தத்தைக் கேட்டார், மேஜை ஓரத்தில் காலையிலிருந்து பிரிக்காமல் கிடந்த தன் டிபன் பாக்ஸைப் பார்த்தார்.

"யார் சாப்பாடா இருந்தாலுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கையால எடுத்துக் குடுத்தாப் போதுங்க."

"காலைல ஒரு டீ குடிச்சதுதாம்மா. நடுவுல ஒரு குழந்தைக்கு வலிப்பு வேற." டாக்டர் டிபன் பாக்ஸைத் திறந்தார். தயிர்சாதம், ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாய். ஸ்பூனில் எடுத்தார். "வெறும் தயிர்சாதம்தான், ஒண்ணும் பண்ணாது. இத மட்டும் சாப்பிடு பாப்பா. அடுத்த வாரத்துலேர்ந்து கண்டிப்பாக் குறைச்சுக்கலாம்."

சஷ்மிதா பழக்கத்தில் வாயைத் திறந்தாள்.

சர்க்கரை என்று சொன்ன அதே வாய், அதே கை, அதே நிமிடம். வனிதாமணிக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, ஐயோ பாவம் என்றுதான் வந்தது. இவ்வளவு படித்து இவ்வளவு பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற இவரும் லைன் வீட்டு ஆள்தான் என்று வந்தது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது, வந்தபோது ஒரேயடியாக வந்தது. எட்டி டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சாப்புடுங்க."

"வெளிய எத்தனை பேர் நிக்கறாங்க தெரியுமா?"

"நிக்கட்டுங்க. நான் இங்கயே உக்காந்துக்கறேன். நீங்க சாப்பிட்டாத்தான் நாங்க எந்திரிப்போம்." எட்டிப் பார்த்த நர்ஸின் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அப்படி ஒரு காரியத்தை அவள் வாழ்நாளில் செய்ததில்லை.

டாக்டர் எழிலரசி சாப்பிட்டார். நாலு வாய் போனதும் அவருக்கு மூக்கு சிவந்து கண்ணில் தண்ணீர் வந்தது, ஊறுகாய்க் காரம் என்று சொல்லிக்கொண்டார். பாக்ஸை வழித்துத் தின்று, தண்ணீர் குடித்துவிட்டு, அத்தனை தடவை போய் வந்ததில் ஒருநாளும் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

"வீட்ல நீங்கெல்லாம் எப்ப சாப்பிடுவீங்க? யார் யாரோட?"

"காலைல அவங்கப்பாகூட பாப்பா உக்காரும். சாயங்காலம் என்ற தம்பிகூட பாப்பா உக்காரும். ராத்திரி என்றகூட பாப்பா..." சொல்லிக்கொண்டு வந்தவள் நடுவில் நிறுத்தினாள். தன் குரல் தன் காதிலேயே விழுந்தது.

"நீங்களும் உங்க வீட்டுக்காரரும்?"

"தெரியலீங்க" என்றாள் வனிதாமணி.

"மாத்திரை எழுதித் தரேன், அது வேணும், நிறுத்தக் கூடாது" என்றார் டாக்டர். "மிச்சம் என் கையில இல்லம்மா." அதைச் சொல்லும்போது அவர் கறாராக இல்லை.

மறுநாள் காலையில் சாயப்பட்டறையிலிருந்து வந்த சிகாமணிக்கு முன்னால் தட்டை வைத்து, எதிரில் தனக்கும் ஒரு தட்டை வைத்து, வனிதாமணி உட்கார்ந்தாள். தெருமுனையில் ஆரன் அடித்தது.

"வண்டி வந்துருச்சு. பாப்பா எங்க?" என்றான் அவன்.

"பாப்பா வர மாட்டா. நான் உக்காந்திருக்கேன்ல. சாப்புடுங்க."

"எனக்கென்னமோ முடியல புள்ள. பாப்பாகிட்டக் குடு, நான் படுக்கறேன்."

"அவளுக்குச் சக்கரை வந்துருச்சுங்க" என்றாள். சிகாமணி தோசையைப் பிட்டு வாயில் வைத்தான். மெல்ல மறந்திருந்தது, தாடை வலித்தது, தொண்டையில் அடைத்தது, தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினான். அவளுக்கும் அப்படித்தான். கல்யாணத்து அன்றைக்குப் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து கூச்சத்தில் விழுங்க முடியாமல் தவித்தது இரண்டு பேருக்குமே ஞாபகம் வந்தது, ஆனால் அதைப் பேசிக்கொள்ளவில்லை.

கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்தாள். வரிசை நின்றிருந்தது.

"பாப்பா இனிமேத் திங்க மாட்டா. எல்லாரும் அவங்கவங்க பாக்ஸைத் தொறங்க. உக்காந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

"ஷிப்மெண்ட் மட்டும் முடியட்டும் கண்ணு" என்றாள் ருக்மணி. "நாங்க என்ன அவளுக்குக் கெடுதலா பண்றோம்? தங்கமாட்டம் பாத்துக்கறோம்."

"தங்கமாட்டந்தான் பாத்துக்கறீங்கக்கா. இல்லைன்னு சொல்லல. நீங்க திங்காத சோறு பூராவும் அவ ரத்தத்துல நிக்குது. சக்கரைன்னு சொல்லீட்டாங்க. ஒம்போது வயசுக்கா என்ற புள்ளைக்கு." வனிதாமணி கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார்கள். மாமனுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ரங்கன் தன் குட்டியானையைக் கொண்டுவந்து தெருவுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, சாவியை மடியில் செருகிக்கொண்டு, ஒரு பொட்டலத்தைப் பிரித்து வண்டிப் படியிலேயே உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தான். கம்பெனி வண்டிகள் அவனுக்குப் பின்னால் நின்று கத்தின.

ருக்மணி உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. சாக்கடை ஓரத்துச் சிமெண்ட் மேட்டில், படிக்கட்டில், கவிழ்த்த குடத்தின் மேல், பைக் சீட்டில் என்று வேலாங்காட்டு லைன் முழுக்க உட்கார்ந்து அவரவர் சோற்றை அவரவர் கையால் எடுத்து அவரவர் வாயில் வைத்தார்கள். சிலருக்கு விக்கியது. ஒருத்தி வாந்தி எடுத்துவிட்டு மறுபடி தின்றாள். ஒடிசாக்காரர்களில் ஒருத்தர் ரொட்டியை மென்றுகொண்டே ஏதோ சொல்லி அழுதார், யாருக்கும் புரியவில்லை, பக்கத்தில் இருந்தவர் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். எல்லோரும் நல்லவர்களாகிவிடவில்லை, அயர்ன் மாஸ்டர் ஒருத்தர் பாக்ஸை வனிதாமணி காலடியில் வீசிவிட்டு, இவளுக்கு வந்த திமிரைப் பார் என்று பேசிக்கொண்டே வெறும் வயிற்றோடு நடந்தே போனார். அவர் மத்தியானம் டேபிளடியில் மயங்கி விழுந்தார். விட்டுப் போயிருந்த பசியெல்லாம் அன்றைக்கு அந்தந்த ஆளைத் தேடிக்கொண்டு ஊருக்குள் வந்தது, மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவர்கள் மிதித்தபடியே சுருண்டார்கள், பீஸ்கள் தாறுமாறாகத் தைக்கப்பட்டுத் திரும்பி வந்தன, வாரம் முடிவதற்குள் கம்பெனிகளில் சாப்பாட்டு மணி மறுபடி அடித்தது.

சுந்தரவடிவேல் வனிதாமணியை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். வேறொரு கம்பெனியில், ஒரு ஷிப்ட் மட்டும், சாயங்காலம் வீடு திரும்பிவிடுகிற மாதிரி சேர்ந்தாள். சிகாமணிக்குப் பகல் ஷிப்ட் கிடைக்கவில்லை. அவன் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், அவள் வந்து சேர்ந்த பிறகு, ரங்கன் எந்த லோடாக இருந்தாலும் நிறுத்திவிட்டு வருகிற ஒரு பொழுதை மூன்று பேரும் அடித்துப் பிடித்து உண்டாக்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான் அவர்களால் முடிந்தது.

குழந்தைதான் ஒடுங்கிப்போனாள். வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை, பூ வரவில்லை. "என்னை யாருக்கும் பிடிக்கலையாம்மா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, கேட்டதற்காக அழுதாள். அரைத் தட்டுச் சோற்றை எதிரில் வைத்தால் எதற்கு இது என்று தெரியாமல் பார்த்தாள். யாரை நினைத்துக்கொண்டு தின்பது என்று தெரியாததால் இரண்டு வாயில் எழுந்துவிடுவாள். ருக்மணி வந்து அவள் தலையை வாரிவிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள், கையில் ஒன்றும் கொண்டுவராமல். ரங்கன் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிப்போய்த் துணிப்பந்து வீசினான். ஓடினாள், மூச்சு வாங்கினாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். வனிதாமணி தினமும் அவள் முகத்தைப் பார்த்தாள், பசிக்கிறதா என்று கேட்டுவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். நாம் பாழாக்கிவிட்டோமா, இனி அவளுக்கென்று ஒரு பசி வரவே வராதா என்ற பயம் அவளை ராத்திரி பகலாக அரித்தது.

ஒரு சாயங்காலம் அவள் அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தபோது, மைதானத்திலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்த சஷ்மிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவோரத்தில் நின்றாள். முகத்தில் பயம்.

"அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

வனிதாமணி அரிவாள்மணையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். "என்ன சாமி? எங்க வலிக்குது?"

"வலி இல்லம்மா. உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குது. யாரோ கூப்புடற மாதிரி." குழந்தை சுவரைப் பார்த்தாள், அடுத்த வீடு இருக்கிற பக்கம். "இது யாரோட பசிம்மா? ருக்கு அத்தையோடதா?"

"இல்ல கண்ணு. அத்தை அப்பவே சாப்பிட்டுட்டாங்க."

"அப்பாவோடதா?"

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த சிகாமணி, "என்றது என்றகிட்டயே இருக்குது சாமி" என்றான்.

"அப்ப இது?"

"உன்றதுதான்" என்றாள் வனிதாமணி. "உன்றது மட்டுந்தான்."

ரங்கனும் வந்து சேர, நாலு பேரும் உட்கார்ந்தார்கள். சஷ்மிதா முதல் வாயை வெகு நேரம் மென்றாள், அவரைக்காய்ப் பொரியலை இன்னொரு தடவை கேட்டு வாங்கினாள், ரசத்தை உறிஞ்சினாள், பிறகு கையை எடுத்துக்கொண்டு உள்ளே காது கொடுத்துக் கேட்கிறவள் மாதிரி அசையாமல் இருந்தாள். தட்டில் ஒரு பிடி சோறு மிச்சம் இருந்தது. அதையும் தின்றுவிடு என்ற வார்த்தை வனிதாமணியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் அதை விழுங்கினாள்.

"எனக்குப் போதும்" என்று சொல்லிவிட்டு சஷ்மிதா கை கழுவ எழுந்து போனாள். மற்ற மூன்று பேருக்கும் அப்போதும் பசித்துக்கொண்டுதான் இருந்தது, அவர்கள் தொடர்ந்து சாப்பிட்டார்கள்.